கோச்சைக் காட்டிக்கொடுத்த மீன்

"வரப்போற கோச் கோவாக்காரர்தான் மச்சா. மீன்கடையில விசாரிச்சிட்டேன்."

பொம்மனஹள்ளியில் நான் ஏறிய பேருந்தில், முன் இருக்கையில் இருந்த கண்ணாடிக்காரர்தான் இப்படிச் சொன்னார். பக்கத்தில் இருந்த தொப்பிக்காரர் சிரிக்கவே இல்லை. இருவரும் ஒரே கல்லூரியின் பழைய மாணவர்கள். அந்தக் கல்லூரிக் கால்பந்து அணிக்குப் புதுப் பயிற்சியாளரைத் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். நிர்வாகம் வாயைத் திறக்கவில்லை. அதனால் இவர்கள் திறந்திருந்தார்கள்.

"மீன்கடையிலயா?"

"ஆஸ்டின் டவுன்ல, நம்ம கிரவுண்டு எதிர்ல ஒருத்தர் புதுசா குடி வந்திருக்கார். ஷார்ட்ஸ் போட்டுக்கிட்டு தினம் மீன் வாங்குறார்."

"என்ன மீன்? ரோகுன்னா கல்கத்தா கோச்."

"வஞ்சரம்."

"அப்போ கோவாதான். போன கோச் முட்டைகூடத் தொடமாட்டார். அதான் செமியில அஞ்சு கோல் வாங்கினோம்."

"பாவம், அவரை நாமதானே ஊளையிட்டுத் துரத்தினோம்?"

"பின்ன? நம்ம பேச்சை எங்க கேட்டார்?"

எதிர் இருக்கையில் கூடையோடு இருந்த அம்மா அவர்கள் பக்கம் திரும்பினார்.

"அவர் எங்க மாடியிலதான் குடியிருக்கார் தம்பி. பல் டாக்டர். சொந்த ஊர் சேலம்."

இருவரும் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார்கள். வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தேன். என் புத்தியை என்னவென்பது!

"அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பாங்க," என்றார் தொப்பிக்காரர்.

கண்ணாடிக்காரர் அந்த அம்மா பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"க்ளினிக் எங்கக்கா? கோல்கீப்பரை மாத்தச் சொல்லணும்."