எடுத்துவிட்ட பித்தப்பை

ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தால் முதலில் முதுகுதான் நோகும். வாராவாரம் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொள்ளப் போகிறவன் நான். சிறுநீரகம் செத்து நாளாகிவிட்டது. காப்பீட்டு அட்டை இருக்கிறதால் உயிர் இருக்கிறது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

தம்பிக்கு அட்டை கிடையாது. வலது விலாவுக்குக் கீழே வலி என்று சுருண்டு கிடந்தான். என் முகம் தெரியாத ஆஸ்பத்திரியாகப் பார்த்து, என் பெயரில், என் அட்டையில் அவனைச் சேர்த்தேன். நான் நோயாளியின் தம்பி என்று சொல்லிக்கொண்டேன். இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே வழுக்கை.

"இன்னைக்கு நான்தான் நீயா அண்ணே? உன் சிடுசிடுப்பும் ஒட்டிக்கப் போகுது," என்றான். வலியிலும் வாய் அடங்காது அவனுக்கு.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பித்தப்பை சீழ் பிடித்திருக்கும், இன்றைக்கே அறுக்க வேண்டும் என்றார். அதற்குள் பில் போடுகிற அறையிலிருந்து என்னைக் கூப்பிட ஆள் வந்தது. ஒவ்வொரு வைத்தியத்துக்கும் ஒரு எண் போட்டுக் காப்பீட்டுக் கம்பெனிக்கு அனுப்புகிற பெண் அங்கே இருந்தாள்.

"உங்க அண்ணனுக்குப் பித்தப்பையை முன்னாடியே எடுத்தாச்சே, ஐயா. பழைய ஆபரேஷன் எண் இந்த அட்டையில இருக்கு. எடுத்ததையே திரும்ப எடுக்கக் கம்பெனி ஒத்துக்காது."

எடுத்தது என்னுடையதை. எனக்கே மறந்துபோயிருந்தது.

"எண்ணைத் தப்பாப் போட்டிருப்பாங்க. பயப்படாதீங்க. வயித்துல தழும்பு இல்லைன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா நான் சரி பண்ணிடறேன்," என்றாள். நல்ல பெண். அவளை இதில் இழுக்காதீர்கள்.

தம்பி வயிற்றில் தழும்பு ஏது? என் வயிற்றில்தான் இருக்கிறது. எண்ணைக் கிளறினால் பழைய ஆஸ்பத்திரியைக் கேட்பார்கள், ஆள்மாறாட்டம் வெளியே வரும், அட்டை போகும். அப்புறம் என் ரத்தத்தை யார் சுத்தம் பண்ணுவார்கள்? இலவச ஆஸ்பத்திரி ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். அங்கேயும் முன்னால் எங்கே காட்டினீர்கள் என்று தோண்டுவார்கள். எவனையும் நம்ப முடியாது.

வைத்தியம் வேண்டாம், என் பொறுப்பு என்று கைநாட்டு வைத்து அவனை வெளியே கூட்டிவந்தேன்.

"வெறும் வாய்வாம்டா. வீட்டுக்குப் போகச் சொல்லிட்டார்."

அண்ணன் சொன்னால் சரி என்று தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

ராத்திரியெல்லாம் காய்ச்சல் கொதித்தது. தம்பி மனைவி கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, அவர் கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு. திரும்பக் கூட்டிட்டுப் போயிடலாம், வாங்க."

"வாய்வுக்கு எவளாவது ஆஸ்பத்திரிக்கு ஓடுவாளா? சுடுதண்ணி வச்சுக் குடு, போ."

என் பேச்சைத் தட்டிப் பழகாத வீடு. மறுநாள் அவன் அடங்கிவிட்டான். கண்ணை நான்தான் மூடினேன்.

தம்பி மனைவி போலீஸில் மனு கொடுத்ததால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். கொடுக்கட்டும், அவள் வயிற்றெரிச்சல் அவளுக்கு. எனக்கு அசதியாக இருக்கிறது, சீக்கிரம் முடித்துக்கொள்வோம். நான் அவன் கழுத்தை நெரிக்கவில்லை. அவனுக்குப் பித்தப்பை இல்லை என்று எழுதியிருந்தது. எழுத்தில் இருக்கிற எதையும் நான் வாழ்நாளில் நம்பியதில்லை. அன்றைக்கு ஒரு நாள் நம்பினேன், அவ்வளவுதான்.