திரைக்கு அந்தப் பக்கம் சுடுதண்ணி

...அந்தப் பக்கம் திரும்பாதீங்க சார்! சவரக் கத்தி கழுத்துல இருக்கு. திரைக்குப் பின்னாடி யாரு சிரிக்கிறான்னுதானே பாக்குறீங்க? என் பொண்டாட்டிதான். கடையில லேடீஸ் பக்கம் அவளுது. பொண்டாட்டின்னா... இப்போதைக்கு சட்டப்படி பிரிஞ்சிருக்கோம். விவாகரத்தெல்லாம் இல்ல சார், ச்சே! அதுக்கு முந்தின ஸ்டாப்பு.

விவாகரத்துக்குன்னுதான் போனோம். வக்கீல்தான், "எடுத்தோம் கவுத்தோம்னு அறுத்துக்காதீங்க. கொஞ்ச காலம் கோர்ட் அனுமதியோட தனித்தனியா இருங்க. கல்யாணம் அப்படியே இருக்கும், ஒரே வீட்டுல குடித்தனம் பண்ண வேண்டியதில்ல, நிதானமா யோசிங்க"ன்னாரு. தங்கமான மனுஷன். என்ன, நான் பேச ஆரம்பிச்சா மட்டும் அவருக்கு போன் வந்துடும்.

ஜட்ஜம்மா இவகிட்ட, "என்னம்மா பிரச்சனை?"ன்னு கேட்டாங்க. இவ வாயத் தொறக்கல சார். ரெண்டு காதையும் தொட்டுக் காட்டுனா. நான் என்ன நெனப்பேன்? தோடு கேக்குறான்னு நெனச்சேன். வாங்கியும் குடுத்தேன்! போட்டுக்கிட்டா. போட்டுக்கிட்டு அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா.

சரி, வீடு ரெண்டாச்சு. கடை? ஒரே ஷட்டர், ஒரே ஹீட்டர், ஒரே கண்ணாடி. அதான் நடுவுல இந்த பெட்ஷீட்டக் கட்டுனேன். கட்டுன வேகத்துல ஹீட்டர் அந்தப் பக்கம் போயிடுச்சு, கண்ணாடி இந்தப் பக்கம் நின்னுடுச்சு. அவகிட்ட வர்ற பொம்பளைங்க மூஞ்சியப் பாக்க இங்க வர்றாங்க. என் கஸ்டமருங்க சோப்பு நுரையோட சுடுதண்ணிக்கு அங்க போறாங்க. நேத்து ஒருத்தர் ஷேவிங்குக்கு வந்தாரு... புருவம் திருத்திக்கிட்டுப் போறாரு சார்!

சுடுதண்ணிய நானே கேட்டு வாங்க வேண்டியதுதானேன்னு பாக்குறீங்க. எப்படி? பேசக்கூடாதே! கோர்ட் உத்த... கொஞ்சம் கிட்ட வாங்க, மெதுவா சொல்றேன். கோர்ட் அப்படியெல்லாம் ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன். கோவத்துல, "இனிமே என்கிட்ட ஒரு வார்த்த பேசக்கூடாது, நானும் பேசமாட்டேன், கோர்ட் உத்தரவு"ன்னு ஒரு போடு போட்டேன். ரெண்டு நாள்ல கண்ணக் கசக்கிக்கிட்டு வருவான்னு பாத்தேன். எங்க! மூஞ்சில ஒரு களை வந்துடுச்சு சார் அவளுக்கு. பாட்டு வேற பாடுறா. நான் வீட்டுல யார்கிட்ட பேசுவேன்? ஃபிரிட்ஜுகிட்டப் பேசுறேன். அதுவாவது பதிலுக்கு உர்ருங்குது.

திங்கக்கிழமை மறுபடி கோர்ட். சேர்றதா, முறிச்சுக்கிறதான்னு சொல்லணும். வெக்கத்த விட்டுச் சொல்றேன் சார், எனக்கு அவ வேணும். அவ இல்லாத வீட்டுல எனக்கு சோறு எறங்கல. ஆனா நானே போய்ப் பேசுனா என் சாயம் வெளுத்துடுமே! அதான்... ஒரு கன்னம் முடிஞ்சுது, இந்தாங்க மக், சுடுதண்ணி கேக்குற சாக்குல நைஸா விசாரிங்க. அவ மனசுல என்னதான் இருக்கு, திங்கக்கிழமை என்ன சொல்லப்போறா... போங்க சார், புண்ணியமாப் போகும்.

...சார்? தண்ணி கெடச்சுதா? ...சார்? அடப்பாவி, அங்கேயே உக்காந்துட்டீங்களா!

ஏய், அவரு என் கஸ்டமரு! கத்தியக் கீழ வையி!

...ஆமா, பேசிட்டேன். பேசிட்டேன்ல, கேளு! அப்படி ஒரு உத்தரவே கெடையாது. நான் விட்ட புருடா அது. ...என்னது? தெரியுமா? எப்போலேருந்து? ...மொத நாள்லேருந்தேவா! அப்புறம் ஏம்மா நீ பேசல?

...நிம்மதியா இருந்துச்சா?

...சரி. சரி. கொஞ்சம் அதிகமாத்தான் பேசுறேன், ஒத்துக்கிறேன். கொறைச்சுக்கிறேன். வீட்டுக்கு வந்துடும்மா. ...பரீட்சையா? என்ன பரீட்ச? அவருக்கு அந்தக் கன்னம் முடியிற வரைக்கும் நான் வாயத் தொறக்காம இருந்தா திங்கக்கிழமை சேர்ந்துக்கிறேன்னு சொல்லிடுவியா? அவ்வளவுதானா! ஒத்தக் கன்னம்! ப்பூ! இதோ, மூடிட்டேன்.

...

...

...ஐயோ, கத்திய அப்படிப் புடிக்காத, அவருக்குத் தாடைக்குக் கீழ ஒரு சுழி இருக்கு, நான் அப்பவே பாத்தேன், மொதல்ல தோல இழுத்துப் புடிச்சுக்கிட்டு...