மன்றம் என்பது யார்?

மலையின் மடியிலே, மஞ்சு மூடிய மாலையிலே, மழைக்கும் குளிருக்கும் மனம் சலிக்காமல் வந்து கூடியிருக்கும் பாறைமட்டத்துப் பெருமக்களே! ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்று, கம்பளியைப் போர்த்தியபடி எங்கள் எல்லோருடைய பேச்சையும் பொறுமையோடு கேட்டுக்கொண்டிருக்கும் ஐயா பாலசுப்பிரமணியம் அவர்களே! அருவங்காட்டு ஆலையில் உழைத்து ஓய்ந்து, ஊருக்கு உழைக்க ஓயாத பெரியோர்களே! வாரமெல்லாம் தேயிலைக் கொழுந்து கிள்ளிக் கறுத்த விரல்களோடு, கைக்குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கும் என் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் இந்த ஊர்நல மன்றத்தின் செயலாளர் லீலாவதியின் அன்பு கலந்த வணக்கம்.

"சத்தமா பேசுங்கக்கா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கிறது. மைக் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. களைத்திருப்பது நான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. நம் ஊருக்குக் கரண்ட் வந்த ஆண்டிலே பிறந்தது இந்த மன்றம். பிறந்தபோது இந்தக் கூடத்தில் உட்கார இடமில்லை. இன்றும் இடமில்லை. விழா என்றால் வருகிறீர்கள், வாழ்த்துகிறீர்கள், வயிறார உண்டு வீடு திரும்புகிறீர்கள். ஆனால் வாய்க்கால் வெட்ட யார் வந்தீர்கள்? வழியை அடைத்து விழுந்த மரத்தை அறுக்க யார் வந்தீர்கள்? மழை பெய்தால் ஜீப் ஏறாத நம் ஊரிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு அரவேணு ரோட்டுக்கு இறங்க யார் வந்தீர்கள்? வந்தவர் தனசிங். வந்தவர் கந்தப்பன். வந்தவள் நான். மறுபடியும் தனசிங். மறுபடியும் கந்தப்பன். மறுபடியும் நான்.

கடந்த ஐப்பசியில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். அறிந்ததையே இன்று சொல்லப்போகிறேன். ஏனென்றால், ஆளுக்கொரு துண்டாக அறிந்திருக்கிறீர்கள். முழுதாக யாரும் அறியவில்லை.

அடைமழை. ஊற்றுத் தொட்டியில் சேறு இறங்கி, குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் மண்வெட்டியோடு வாருங்கள் என்று வீடு வீடாகச் சொன்னோம். "வந்துருவோமுங்க" என்றீர்கள். மழை சற்றே விட்டதும் தனசிங் அண்ணன் முன்னால் போய்விட்டார். "யாராச்சும் வரட்டும், இருங்க" என்று அவர் மனைவி யூனிஸ் தடுத்திருக்கிறார். "வர்றவங்க வரட்டும், நான் போய் ஆரம்பிக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பியவர் அவர். நானும் கந்தப்பனும் மேடேறிக்கொண்டிருந்தோம். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஈரத்துணியை உதறினாற்போல ஓர் ஒலி. போய்ப் பார்த்தால், தொட்டிக்கு மேலிருந்த மண்கரை சரிந்து கிடக்கிறது. அண்ணன் இடுப்பளவு மண்ணுக்குள் இருக்கிறார். தொடையின் மேல் ஒரு கல்.

கையாலேயே தோண்டினோம். கல்லைப் புரட்டினோம். கால் இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அந்த வேதனையிலும் அவர் கேட்டது என்ன தெரியுமா? "தண்ணி வருதா பாரு, கந்தப்பா."

கந்தப்பனைக் காவல் வைத்துவிட்டு ஆள் தேடி இறங்கினேன். முதல் வீட்டில் ஆண்கள் சந்தைக்குப் போயிருந்தார்கள். இரண்டாம் வீட்டில் ஒரு தம்பி, "ஜீப்புக்குச் சொல்லிவிடுங்கக்கா" என்றார். வழியே இடிந்து கிடக்கிறதே தம்பி, ஜீப் பறந்தா வரும்? மூன்றாம் வீட்டில் கதவைத் திறந்தவரின் பெயரை நான் சொல்ல மாட்டேன். அவர் கெட்டவர் அல்லர். இடுப்பு வலியால் துடிக்கிறவர். அவர் கேட்டார், "ஏனுங்க, மன்றத்துல ஆளுங்க இருப்பாங்கல்ல?"

பெரியோர்களே, தாய்மார்களே! அந்த வாசலில், அந்த மழையில் நான் நின்றுவிட்டேன். கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே! மன்றத்தின் ஆள் ஒருவர் மண்ணில் கிடக்கிறார். ஒருவர் அவர் தலையைத் தாங்கிக்கொண்டிருக்கிறார். ஒருத்தி உங்கள் வாசலில் நிற்கிறாள். அவ்வளவுதான் மன்றம். மன்றம் என்பது யார்? மதில் சுவரா? மாட்டி வைத்த பலகையா? நம்மைத் தவிர வேறு யாரோ என்று நாம் எல்லோரும் சேர்ந்து நம்பிக்கொண்டிருக்கிற ஒரு பெயரா?

அப்போது சர்ச் விட்டு வந்துகொண்டிருந்தார் தபித்தாள் அக்கா. குடைக்குள் கூடவே எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டுப் புஷ்பவல்லி. என் முகத்தைப் பார்த்ததும், "என்னாச்சு?" என்றார்கள். சொன்னேன். தபித்தாள் அக்கா பைபிளை என் கையில் கொடுத்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகினார். நான் தயங்கினேன். "பொம்பளைங்களால முடியுமா அக்கா?" என்று கேட்டே விட்டேன்.

புஷ்பவல்லி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "தெனமும் எல மூட்டைய யாருங்க தூக்கறது?" என்றாள். அவ்வளவுதான். லைன் பக்கம் திரும்பி ஒரு குரல் கொடுத்தாள். அடுப்பில் இருந்ததை அப்படியே இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள் பெண்கள். கம்பளி வந்தது, கயிறு வந்தது, மூங்கில் வந்தது.

தூக்கினோம். தேயிலைக்கு நடுவே, வழுக்குகிற வழியிலே, வாரிக் கொட்டுகிற மழையிலே தோள் மாற்றித் தோள் மாற்றி இறங்கினோம். பாதி வழியில் தனசிங் அண்ணன் அழத் தொடங்கினார். வலி தாங்காமல் அழுகிறார் என்று நினைத்தோம். அவரோ, "எறக்கி வைங்க தாயி. நான் தவழ்ந்தாச்சும் வந்தர்றேன். என்னப் போயி நீங்க தூக்கறதா?" என்றார்.

இந்த ஊரில் அவர் தோளில் ஏறாத நோயாளி உண்டா? அப்படிப்பட்ட மனிதர் பிறர் தோளில் கிடக்கக் கூசினார். புஷ்பவல்லி நடையை நிறுத்தவில்லை. "எங்க அம்மாவ நீங்க தூக்கிட்டுப் போனப்ப, அது எறக்கி வைன்னு சொல்லுச்சா? பேசாம படுங்கண்ணா, ஆடுனா எங்களுக்குத்தான் கால் வழுக்கும்" என்றாள். அவர் அடங்கினார். கண்ணை மூடிக்கொண்டார். ரோடு வரும்வரை திறக்கவில்லை.

கோத்தகிரி ஆஸ்பத்திரியில் கால் பிழைத்தது. ஆனால் இனி அந்தக் கால் சுமை தாங்காது. இதோ முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார். கைதட்டாதீர்கள், அவருக்குப் பிடிக்காது. பாருங்கள், தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று நான் கற்றது இதுதான். தொண்டு என்றால் கொடுக்கிற கைக்குப் பெருமை, வாங்குகிற கைக்குச் சிறுமை என்று எண்ணியிருந்தோம். இல்லை! தூக்குகிறவனும் ஒருநாள் தூக்கப்படுவான். தூக்கப்பட்டவளின் மகள் ஒருநாள் தூக்க வருவாள். தோள் கொடுப்பதும் தோளில் சாய்வதும் சேர்ந்ததுதான் ஊர். கூரைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்துவிட்டால் அது ஊராகிவிடாது. அப்படியென்றால் புற்றுகளும் ஊர்தானே!

இப்போது என் விண்ணப்பம். இந்த மன்றத்தை மூடிவிடலாம் என்று ஒரு தீர்மானம் தலைவரின் மேசையில் இருக்கிறது. எழுதியவள் நானேதான். கந்தப்பனுக்கு மூச்சு வாங்குகிறது. எனக்கு முழங்கால் மடங்கவில்லை. பாராட்டு வேண்டாம், பட்டம் வேண்டாம். எங்களால் முடியவில்லை. அவ்வளவுதான். தீர்மானத்தை ஏற்றாலும் உங்களைப் பழிக்க மாட்டேன்.

யாரது எழுந்திருப்பது? புஷ்பவல்லியா? சொல்லம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி சொல். "எனக்கு ஞாயித்துக்கெழமை மட்டுந்தானுங்க லீவு. அன்னிக்கு என்ன வேலைன்னாலும் நான் பாத்துக்கறேன்."

கேட்டீர்களா? ஒரு நாள்! ஓய்வென்று அவளுக்கு இருப்பதே அந்த ஒரு நாள். அதைத் தருகிறாள். அப்படியானால் கேட்கிறேன், கூச்சத்தை விட்டுக் கேட்கிறேன். திங்கட்கிழமை யாருடையது? அந்தக் கையா? நன்றி தம்பி. செவ்வாய்? "நானும் எம் மருமவளும்" என்கிறார் அந்த அம்மா. மகராசியாக இருங்கள். புதனுக்குத் தபித்தாள் அக்கா. வியாழன்? யாரோ கையைத் தூக்கிவிட்டு இறக்கிவிட்டீர்கள். பரவாயில்லை, தூக்கியதை நான் பார்த்துவிட்டேன். வியாழன் உங்களுடையது. சனி, பேக்டரி தம்பிமார்கள் இருவர். வெள்ளி?

வெள்ளிக்கு யார்?

சரி. வெள்ளிக்கிழமைக்கு ஆள் கிடைக்கும்வரை நானே வருகிறேன். ஐயா தலைவர் அவர்களே, அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள்.

இவ்வளவு நேரம் இந்தத் தளர்ந்த குரலைத் தாங்கிய உங்கள் செவிகளுக்கு நன்றி. தோள் கொடுத்தவர்களுக்கும், கொடுக்கப் போகிறவர்களுக்கும் நன்றி. எல்லோருக்கும் வணக்கம். பனி இறங்குகிறது, பார்த்துப் போங்கள்.