பத்துக் குதிரைக்குத் தோதான படகு

நான் சொல்லப்போவதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும் இனி என் தூண்டிலில் ஒரு கெண்டைக்குஞ்சுகூடச் சிக்காமல் போகட்டும். வோல்கா நதிமேல் சத்தியம். போலீஸ் கேப்டன் அம்மா, வாக்குமூலத்தில் இதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

காற்றடைக்கும் படகு வாங்குகிறவர்கள் பொதுவாக நிறம் பார்த்து வாங்குகிறார்கள். தப்பு. முதலில் மோட்டாரைப் பார்க்க வேண்டும். படகு அதற்குப் பிறகுதான். மோட்டார் மாட்டும் பின்பலகையில் ஒரு சின்னத் தகடு இருக்கும். இத்தனை குதிரைச் சக்திக்கு மேல் மாட்டாதே என்று அதில் எழுதியிருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. ஆற்று மீட்பு நிலையத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன் என்பதால் நான் படிப்பேன். படிக்காதவர்களை நாங்கள்தான் கொக்கி போட்டு இழுப்போம்.

வெனியாமின் என் சகலை. என் மனைவி சோயாவின் அக்காளைக் கட்டியவன். அக்காள் போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எங்கள் வீட்டில். பிறகு புதனும் சேர்ந்தது. பிறகு, எந்தக் கிழமை வரமாட்டான் என்று கேட்பது சுலபமாகிவிட்டது. மீன் வைத்துச் சுட்ட அப்பத்தில் நடுத்துண்டு அவனுக்கு, ஓரம் எனக்கு. நான் குறை சொல்லவில்லை. ஓரம் மொறுமொறுப்பாக இருக்கும்.

இந்த வசந்தத்தில் அவன் ஒரு மோட்டார் வாங்கினான். காகிதத்தில் ஒன்பது புள்ளி ஒன்பது குதிரை. உங்களுக்குத் தெரியாததா? பத்துச் சொச்சத்தைத் தாண்டினால் லைசென்ஸ், பதிவு, பரீட்சை. அதனால் பதினைந்து குதிரை மோட்டாருக்கும் கடைக்காரன் கண்ணடித்துவிட்டு ஒன்பது புள்ளி ஒன்பது என்றே காகிதம் போட்டுத் தருவான். எங்கள் கரையில் இருக்கிற ஒன்பது புள்ளி ஒன்பது எல்லாமே பதினைந்துதான். அசலை நான் கண்ணால் பார்த்ததில்லை.

“யோவ் சகலை, இதுக்குத் தோதா ஒரு ரப்பர் படகு பார்த்துக் குடுய்யா” என்றான் வெனியாமின்.

“எத்தனை பேருக்கு?”

“ரெண்டு பேருக்கு.”

“நீ எப்பவும் தனியாத்தானே மீன் பிடிக்கப் போவ?”

“ஏன், மீனும் வந்து பக்கத்துல உட்காரும்ல?”

சோயா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பதினைந்து வருடம் இருக்கும். அது இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

பதினைந்து குதிரைக்குக் குறைந்தது மூன்று மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் நீளப் படகு வேண்டும். நான் இரண்டு மீட்டர் எழுபது வாங்கிக் கொடுத்தேன். தகட்டில் பத்துக் குதிரை. காகிதமும் பத்துக்குள். எந்தக் கோர்ட்டிலும் நிற்கும் பொருத்தம்.

“சின்னதா இருக்கேய்யா?”

“சின்னதுதான் சீக்கிரம் போகும். உனக்கு அவசரம்தானே?”

அவன் தேநீரில் ஜாமைப் போட்டுக் கலக்கினான்.

இனிமேல் கணக்கு. மோட்டார் முப்பத்தாறு கிலோ, பெட்ரோல் டாங்க் இருபது, வெனியாமின் தொண்ணூற்றாறு. மூன்றும் பின்னால் சேர்ந்து, கைப்பிடியை ஒரே முறுக்காக முறுக்கினால், குட்டிப் படகின் மூக்கு வானத்தைப் பார்க்கும். அப்படியே மல்லாந்துவிடும். ஆனால் இரண்டாவது ஆள் முன்னால் உட்கார்ந்தால் மூக்கு அமுங்கிவிடும். அந்த ஆள் எழுபத்தொரு கிலோ. எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். எடை பார்க்கும் கருவி எங்கள் குளியலறையில்தான் இருக்கிறது.

அதனால் யோசனை சொன்னேன். “ரெண்டு பேரும் பின்னாடியே ஒட்டி உட்காருங்க. முன்னாடி தண்ணி தெறிக்கும்.”

“ஒட்டியா?”

“நல்லா ஒட்டி.”

அவர்கள் மறுக்கவில்லை. ‘அவன் மறுக்கவில்லை’ என்று எழுதுங்கள். வீட்டிலிருந்த லைஃப் ஜாக்கெட் இரண்டையும் அந்த வாரம் பக்கத்து வீட்டுக்காரருக்கு இரவல் கொடுத்தேன். அண்டை வீட்டாருக்கு உதவ வேண்டும்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நாணல் மறைவில் நின்று பார்த்தேன். வெனியாமின் கைப்பிடியை முறுக்கினான். படகு தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்பதுபோல் நெட்டுக்குத்தலாக நின்றது. முழுதாக ஒரு நிமிடம் நின்றது. வெனியாமின் தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம் வைத்தான். சோயா தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். பிறகு மல்லாந்தது. தண்ணீர் மூடிக்கொண்டது. அவளுடைய சூட்கேஸ் மட்டும் மிதந்தது.

மீன் பிடிக்கப் போகிறவளுக்குச் சூட்கேஸ் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நான் கேட்கவில்லை. மீட்பு நிலையத்தை ஏன் கூப்பிடவில்லை என்றால், அங்கே ஏழு மணிவரை தேநீர் நேரம். நான் ஏற்படுத்திய வழக்கம்; நானே கெடுப்பது முறையல்ல.

பேனாவைக் கீழே வைக்காதீர்கள், கேப்டன் அம்மா. நேற்று முன்தினம் பொதுக் குளியல் வீட்டில், நீராவிக்கு நடுவே ஒருத்தன் கேட்கிறான்: “என்ன சவேலி இக்னாத்யேவிச், இப்ப அப்பம் முழுசும் உனக்கேவா?” பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. சோயா எங்கே என்பதற்கு ஊரில் ஒரு பதில் உலவுகிறது. அதைத் தூக்கிக்கொண்டு மிச்ச வயதை என்னால் ஓட்ட முடியாது. என் பதிலுக்கு உங்கள் முத்திரை வேண்டும். எட்டு வருடமோ பன்னிரண்டோ, போட்டுக்கொள்ளுங்கள். கொலைகாரன் சவேலி என்றால் அதே பெஞ்சில் இடம் விட்டு உட்காருவார்கள். இரண்டு பேரையும் நான்தான் கொன்றேன். அளந்து, நிதானமாக, தகட்டைப் படித்துக் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

முறைக்காக இன்னும் ஒரு வரி: நேற்று மாலை, வோல்கா கடலில் சேருகிற அஸ்த்ரகான் ஊரிலிருந்து சோயா போன் செய்தாள், அந்த மோட்டார் அசல் ஒன்பது புள்ளி ஒன்பதாம், படகு அதற்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறதாம்.