முதல் ஓட்டும் என் ஃபார்வர்டும்

வாக்குப்பதிவு நாள் காலையில் எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் ஒரு பொய்யைப் பரப்பியவன் நான். 'கூட்டம் அதிகம், முதல்முறை வாக்காளர்கள் நாளை வந்தால் போதும்' என்று அரசு அறிவிப்பு மாதிரியே இருந்தது. யாரோ கேலிக்குச் செய்த மீம் என்பது எனக்குப் புரியவில்லை. அடியில் 'அவசியம் கவனிக்கவும்' என்று சேர்த்து, வழக்கம்போல் பெயருக்குப் பின்னால் எம்.ஏ., பி.எட். என்றும் போட்டேன்.

மறுநாள் தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூருக்கு ரயிலில் திரும்பும்போது எதிரே இரண்டு கல்லூரிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"விரல்ல மை எங்கடி?"

"ஓட்டே போடல. இன்னிக்குக் காலைல வோட்டர் ஐடியோட போனா, ஸ்கூல் கேட் பூட்டிக் கெடக்கு. வாட்ச்மேன் சிரிக்கிறார்."

"லூசு, அது மீம்டி! நானே உனக்கு அனுப்பினேனே."

"நீ அனுப்பினப்ப சிரிச்சுட்டு விட்டுட்டேன். அப்புறம் அப்பார்ட்மென்ட் க்ரூப்ல ஒரு எம்.ஏ., பி.எட். அங்கிள் போட்டாரா, நம்பிட்டேன்."

"படிச்ச மனுஷன்!"

"ஃபர்ஸ்ட் ஓட்டுடி. புது சுடிதார் எல்லாம் அயர்ன் பண்ணி வெச்சிருந்தேன்."

அவர்களுக்கு என் முகம் தெரியாது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் குழுவில் எழுதினேன்: 'நேற்று நான் அனுப்பியது பொய். சரிபார்க்காதது என் தவறு. அதனால் ஓட்டை இழந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.' இந்த முறை பட்டங்களைப் போடவில்லை. செயலாளர் 'பயனுள்ள தகவல், நன்றி சார்' என்றார். நான்கு பேர் கும்பிடு போட்டார்கள். சற்று நேரத்தில் அந்தப் பெண்ணும் எழுதினாள். ப்ரொஃபைல் படத்தில் ரயிலில் பார்த்த அதே முகம்.

"அங்கிள், இது நெஜமா, இல்ல இதுவும் ஃபார்வர்டா?"