ரெண்டு காலேஜும் ஒரு மரமும்

அட உட்காருங்க சார், பரவாயில்ல. பைய நான் மடியில வச்சிக்கறேன். உங்க பையனும் உள்ளதான் இருக்கானா? அப்ப ஒரு மணி நேரம் ஆகும், சாவகாசமா சாஞ்சுக்கோங்க. இருக்கறதே மூணு சர்ட்டிபிகேட். அத ஒருத்தர் பாக்கணும், அவர் பாத்தத இன்னொருத்தர் பாக்கணும், ரெண்டு பேரும் பாத்தாங்களான்னு மூணாவது ஆள் பாத்து சீல் குத்தணும். என் பொண்ணு அதோ, வரிசையில ரெண்டாவது, நீளமா பின்னல் போட்டிருக்கா பாருங்க, அவதான். ஒரே பொண்ணு.

ஆர்க்கிடெக்சர் காலேஜாம். கொஞ்சம் நிமிந்து பாருங்க இந்தக் கட்டடத்த. மேற்கால பக்கம் பூரா கண்ணாடி. மத்தியானத்துக்கு மேல எவனும் உட்கார முடியாது, அவ்ளோ வெயில். அதனால திரைய இழுத்து விட்டுட்டான். திரைய விட்டா இருட்டு. இருட்டுன்னு பட்டப்பகல்ல பன்னண்டு லைட்டு. அப்புறம் எதுக்குய்யா கண்ணாடி? புத்தகத்துல போட்டோ போடத்தான். வரும்போது படியில தடுக்குச்சா உங்களுக்கு? தடுக்கியிருக்குமே. கடைசிப் படி மட்டும் அரை இஞ்ச் உசரம் ஜாஸ்தி. நான் உட்கார்ந்ததுலேர்ந்து எண்ணிட்டிருக்கேன், பதினாலு பேர் தடுக்கினாங்க. அதுல நாலு பேர் இங்க வாத்தியாருங்க. தினம் வர்றான், தினம் தடுக்கறான், படிய ஒரு மொற முறைச்சுப் பாக்கறான், போயிடறான். இவன்தான் நம்ம புள்ளைங்களுக்குப் படி கட்ட சொல்லித் தரப் போறான். வெளங்கிடும்.

மாடியில கம்ப்யூட்டர் ஹால் காட்டினாங்களே, போனீங்களா? செவுரு பூரா பசங்க செஞ்ச படம். எந்தப் படத்த எடுத்தாலும் சாயங்கால வானம், நாலு பறவை, பலூன் பிடிச்சிட்டு ஒரு கொழந்த. கட்டடம் எங்கடான்னு தேட வேண்டியிருக்கு. ஒரு பையன கேட்டேன், தம்பி, மழை பெஞ்சா இந்தக் கூரைத் தண்ணி எந்தப் பக்கம் போகும்னு. அதெல்லாம் சாப்ட்வேர்ல வராது அங்கிள்ங்கறான். தண்ணிக்கு அது தெரியுமா?

இல்ல சார், நீங்க கேக்கறது நியாயம்தான். இவ்ளோ பேசறவன் எதுக்குப் பொண்ண இங்க கூட்டிட்டு வந்தேன்னுதானே? இன்னொரு எடத்துலயும் சீட் கிடைச்சிருக்கு. ஆமா, அந்தப் பழைய காலேஜேதான். எப்படிக் கண்டுபிடிச்சீங்க? ரெண்டுக்கும் இன்னிக்குத்தான் கடைசி நாள். சாயங்காலத்துக்குள்ள ஒண்ண எடுத்து ஒண்ண விட்டாகணும்.

நல்ல காலேஜா? யார் சொன்னா? பேருதான் பெரிய பேரு. மொத வருஷம் பூரா பென்சில் சீவறானுங்க சார். அவன் உட்கார்ந்திருக்கற நாற்காலிய எழுந்திரிச்சுப் பாக்காம வரையணுமாம். தரையில மல்லாந்து படுத்து ஒரு மணி நேரம் உத்தரத்தப் பாக்கணுமாம். ஒரு ப்ரொபசர், தாடிய நீவிக்கிட்டே, ஜன்னல்ங்கறது என்னன்னு எங்களக் கேட்டார். பெத்தவங்க எல்லாம் முழிக்கறாங்க. காத்து வர்றதுக்குங்கன்னேன். சிரிச்சார். ஞானியாம். அவர் வீட்டு ஜன்னல்ல கொசுவலை அடிச்சிருக்காரா இல்லையான்னு போய்ப் பாத்தாத்தான் தெரியும்.

வரையற கூடம் மட்டும் ஒழுங்கா இருக்கு, பொய் சொல்லக் கூடாது. வடக்கு வெளிச்சம். எந்த நேரத்துக்கும் கை நிழல் காகிதத்துல விழாது. மேசை ஒவ்வொண்ணும் இவ்ளோ அகலம். தேய்ஞ்சு தேய்ஞ்சு வழவழன்னு. சரி, அத விடுங்க.

பொண்ணா? அவளுக்கு அதுதான் பிடிச்சிருக்கு. அங்கேர்ந்து வந்து மூணு நாள் சரியா சாப்பிடல. ஆனா அடம் பிடிக்கறவ இல்ல. நீங்க சொல்றதுதான்ப்பா, நீங்க ஆர்க்கிடெக்ட், உங்களுக்குத் தெரியாததான்னு விட்டுட்டா. நான் இதுன்னேன். சரிப்பான்னா. ஏன்னு ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா நாலு திட்டு திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

நானா? ம்... அந்த லைன்தான். முப்பது வருஷம் ஆகப் போகுது. அதனாலதான் சொல்றேன், இந்த ஆர்க்கிடெக்ட்டுங்கள நம்பாதீங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இருக்கார், ஊரெல்லாம் பேரு. பதினோரு மணிக்கு வருவார். தடியா ஒரு பேனா, மெல்லிசா ஒரு தாளு. மூணு கோடு கிழிப்பார், ஒரு வட்டம் போடுவார், இதுதான் அந்த எடத்தோட ஆன்மாம்பார், காபி குடிக்கப் போயிடுவார். அந்த ஆன்மாவுக்குள்ள மாடிப்படி எங்க, தூண் எங்க, பைப் எங்கன்னு வேற ஒருத்தன் மண்டைய ஒடச்சிக்கணும். ஒரு தடவ ஆறுநூறு புள்ளைங்க படிக்கற ஸ்கூலுக்குக் கக்கூஸ மறந்துட்டார் சார். சிரிக்காதீங்க, சத்தியமா. கேட்டா, நீ எங்கயாவது நுழைச்சிடுப்பான்னார். நுழைச்சேன். அந்த ஸ்கூலுக்கு விருது குடுத்தாங்க. மேடையில அவருக்கு மால.

அவருக்கு அந்தப் பழைய காலேஜ்ல ரொம்ப மரியாத. வாரம் ஒரு நாள் மொத வருஷத்துக்குப் பாடம் எடுக்கறார். நடைவழியில அவர் பேர் போட்டு ஒரு பெரிய படம் மாட்டியிருக்காங்க. ஒரு நூலகத்தோட படம். ரொட்டிய நடுவுல வெட்டினா உள்ள தெரியுமே, அந்த மாதிரி கட்டடத்த வெட்டிக் காட்டறது. நடுவுல முற்றம், முற்றத்துல ஒரு மரம். மையில வரைஞ்சது. ஒரு கோடு தப்பினா பிளேடு முனையால சுரண்டி எடுக்கணும், கொஞ்சம் அழுத்தினா தாளு கிழிஞ்சிடும். அந்த மரத்துக்கு மட்டும் பதினோரு நாள் ஆச்சு.

எப்படித் தெரியும்னு பாக்கறீங்களா.

பொண்ணு அந்தப் படத்து முன்னாடி போய் நின்னவ நகரவே இல்ல. அப்பா, சின்ன வயசுல என் நோட்டுல மரம் போட்டுத் தருவீங்களே, நடுவுல இலை போடாம வெள்ளையா விட்டுட்டு, அதே மாதிரி இருக்குப்பான்னா. எல்லாரும் அப்படித்தாம்மா போடுவாங்கன்னேன். இல்லப்பா, எல்லாருக்கும் இப்படி வராது, நான் இவர்கிட்டதான் படிக்கணும்னா. சொல்லிட்டுக் கீழ போட்டிருந்த அவர் பேர ரெண்டு தடவ படிச்சா.

சொல்லியிருக்கலாம்தான். நான் வரைஞ்சதும்மான்னு ஒரு வார்த்த. சொன்னா அடுத்து என்ன கேப்பா? அப்ப ஏன்ப்பா உங்க பேர் இல்லன்னு கேப்பா. ஏன்னா உங்கப்பன் ஆர்க்கிடெக்ட் இல்லம்மா, படம் போடற ஆளுன்னு சொல்லணும். ட்ராப்ட்ஸ்மேன். கல்யாணம் பேசும்போது என் அக்கா ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்ல வேலைன்னு சொல்லியிருக்கணும், ஆபீஸ முழுங்கிட்டா. வந்தவளுக்கு ஒரே மாசத்துல தெரிஞ்சுபோச்சு, வெளிய காட்டிக்கல, நல்லவ. பொண்ணுக்குச் சொல்ல ஒரு நாள் பாத்துக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள அவ, எங்கப்பா ஆர்க்கிடெக்ட், நானும் ஆவேன்னு ஸ்கூல்ல கட்டுரை எழுதிட்டா. முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சவன் என்ன சார் செய்வான்? மேல மேல சோத்தப் போட்டுட்டே இருப்பான்.

ஆமா. இது மட்டமான காலேஜ்தான். எனக்குத் தெரியாதா. அங்க போனா மொத வாரமே அந்த மனுஷன்கிட்ட, எங்கப்பாவும் ஆர்க்கிடெக்ட்தான்னு என் பேரச் சொல்லுவா. அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்ப நான் முப்பது வருஷமா பாக்கறேன், அவ பாக்க வேணாம்.

அந்த மாதிரி படத்துக்கெல்லாம் வலது மூலையில சின்னதா ஒரு கட்டம் இருக்கும் சார். யார் யோசிச்சது, யார் சரிபாத்தது, யார் வரைஞ்சதுன்னு. வரைஞ்சதுங்கற எடத்துல ரெண்டே ரெண்டு எழுத்து, என் இனிஷியல். முதலாளி பேரு பெருசா இருக்கு, அதான் அவ கண்ணுல பட்டுச்சு. இன்னும் கொஞ்சம் குனிஞ்சு பாக்கப் போனா. நான் சட்டுனு போய் அந்த மூலைய மறைச்சிக்கிட்டு நின்னுட்டேன், செவுத்துல சாயற மாதிரி. என்னப்பா, கால் வலிக்குதான்னா. ஆமாம்மான்னேன்.

இதோ, கூப்பிடறா. அப்பா கையெழுத்து போடணுமாம். வர்றேம்மா.