ஹெல்மெட் கழட்டாத போட்டோ

அந்தப் போட்டோவுக்குக் கடைசில வாரேன், முதல்ல டீயக் குடியுங்க தம்பி, ஆறிப்போவும். நம்ம ஊர்க் கோயில் திருவிழா மலருக்குன்னா எங்க வீட்டு அவியளப் பத்தி முழுசா எழுதணும்லா? சும்மா கார் ரேஸ் வீரர் செல்வசிங், ஷார்ஜான்னு ரெண்டு வரி போட்டா எப்படி?

பதினாலு வருசமா தண்ணி டேங்கர் ஓட்டினாவ. ஒரு ஃபைன் கிடையாது. எந்த ரோட்டுல எங்க ரேடார் கேமரா இருக்குன்னு செபமால சொல்லுத மாதிரி வரிசையா சொல்லுவாவ. எங்க பளிச்சுன்னு வெளிச்சம் அடிச்சாலும் கால் தன்னால பிரேக்குக்குப் போயிரும். கல்யாண வீட்டுல போட்டோ எடுத்தாக்கூட நின்ன எடத்துலயே கால அமுக்குவாவ. சிரிக்காதிய, சத்தியமா.

இவியளப் போயி ரேஸ்காரரா ஆக்கினது அவிய அர்பாப்தான், முதலாளி அரபி. அவருக்குச் சொந்தமா ரேஸ் டீம் உண்டு. பாலைவனத்துல முட்டை மாதிரி ஒரு ரோடு, பாக்க சாதா கார் மாதிரியே வண்டி, இடது பக்கமே திரும்பித் திரும்பி நூறு சுத்து. ஓட்டிட்டிருந்தவன் கை ஒடிஞ்சு படுத்துட்டான். நம்மகிட்ட வண்டில ஒரு கீறல் விழாம ஓட்டுத ஆளு இருக்கானேன்னு, யல்லா செல்வா, ஏறுன்னுட்டாரு.

மொத நாளே சண்ட. வண்டில இண்டிகேட்டர் இல்லயாம். முன்னால லைட்டுன்னு பாத்தா, அது ஒட்டின ஸ்டிக்கர்! இத ஓட்டினா போலீசு பிடிக்கும், நா ஏறமாட்டேன்னு நின்னாவ.

ஓட்டம் என்னமோ சூப்பர்தான். ஆனா முடியுத கோட்டுகிட்ட நிதின்னு ஒரு போட்டோக்காரன் நிப்பான். ஒவ்வொரு சுத்துக்கும் பளிச்! ஒவ்வொரு சுத்துக்கும் இவிய பிரேக்கு! எண்பதுக்கு வந்துட்டு மறுபடி பறப்பாவ. ஆறு ரேஸ், ஆறுலயும் கடைசி. ஃப்ளாஷ் போடாதடேன்னு கெஞ்சினேன். அது என் டியூட்டி சேச்சின்னுட்டான்.

அர்பாப் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு, வெள்ளிக்கிழம ஜெயிக்கலன்னா கலாஸ், எல்லாம் முடிஞ்சுது, விசா கேன்சல், ஊருக்குப் போன்னு. நா நர்சு, எனக்கு ஆஸ்பத்திரி விசா, நானும் எங்க பிள்ள ஜெரிஷும் இருந்துக்கிடலாம். ஆனா அவிய இல்லாம நா எப்படி இருப்பேன் சொல்லுங்க? சுகிர்தா, என் காலு என் பேச்சக் கேக்க மாட்டேங்குதேன்னு சோத்துத் தட்டு முன்னால அழுதாவ. எனக்குப் பொறுக்கல.

ஆமா, ஜெயிச்சாச்சே. நூறு சுத்துல ஒரு பிரேக் இல்ல. அர்பாப் மணல்ல உருண்டாரு.

எப்படி மாறினாவளா? எங்க மாறினாவ! நேத்து ஜெரிஷ் பர்த்டேக்குப் போட்டோ எடுத்தப்பவும் கால அமுக்கினாவ.

எனக்கு அந்த ரேடார் பயமெல்லாம் கிடையாது தம்பி. டியூட்டிக்கு லேட்டானா ஹெட் நர்சு வைவாளேங்கித ஒரே பயந்தான். பதினோரு வருசமா அந்தப் பயத்துலயே கார் ஓட்டிப் பழகிட்டேன். அந்த வெள்ளிக்கிழமயும் ரெண்டு மணிக்கு டியூட்டி.

இப்ப அந்தப் போட்டோவ எடுங்க, ஜெயிச்சதும் கப்போட எடுத்தத. ஹெல்மெட்ட விடுங்க, கீழ பாருங்க. வெள்ள ஷூ தெரியுதா? ஆஸ்பத்திரி ஷூ. அவிய ஷூ எனக்குப் பெருசு. கப்ப வாங்கி, கார் பார்க்குல ஒளிஞ்சிருந்த அவிய கையில குடுத்துட்டு ஓடினேன். அப்பயும் அஞ்சு நிமிசம் லேட்டு.

மலர்ல அவிய பேரையே போடுங்க. ஷூவ மட்டும் வெட்டிருங்க.